இரவல் வாய்

எங்கள் சிவகாசிப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்குத் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுப்பார்கள். ஆசையால் அல்ல, மார்க் கொட்டும் என்பதால். பரீட்சைக்கு எழுதினால் போதும். வாயைத் திறக்கவே வேண்டாம். அப்படிப்பட்ட பாடத்துக்கு நான் டீச்சர். சீ என்றிருக்கும்.

ஆனாலும் பேசவைத்துப் பார்த்தேன். வீட்டில் "வந்தான்" என்று வேகமாகச் சொல்லும்போது கடைசி ஒலி, நாக்கு எங்கும் ஒட்டாமல் மூக்கில் போகிறதே, பிரெஞ்சில் 'நல்ல' என்பதற்கான 'போன்' (bon) அதே மாதிரிதான் என்றேன். சிரித்தார்கள். ஹாதியா மட்டும் சொல்லிப் பார்த்தாள். பிரெஞ்சு ரகரம் நம்முடையதைப் போல நாக்கு நுனியில் உருளாது, தொண்டையில் உரசும். குர்ஆன் ஓதப் போய் அரபியின் 'கைன்' எழுத்தைப் பழகியிருந்த அவளுக்கு அது முதல் நாளே வந்துவிட்டது.

ஆண்டு விழாவுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர் வருவதாக இருந்தது. வரவேற்புரை ஹாதியாவுக்கு என்றேன். மேடையேறப்போகும் சந்தோஷத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் தாளாளர் சீனிவாசகம், பட்டாசு முதலாளி, தன் மகன் தருண்குமாரை நிறுத்த ஆசைப்பட்டார். அவன் பிரெஞ்சு பேசினால் மாடு விரட்டுவது போலிருக்கும். அதற்கும் வழி வைத்திருந்தார்.

"அந்தப் பிள்ள திரைக்குப் பின்னால நின்னு மைக்குல வாசிக்கட்டும். கொரல சவுண்டு செட்டுக்காரன் ஆம்பளக் கொரலா மாத்திருவான். தம்பி வாய அசைச்சாப் போதும். யாருக்குத் தெரியப்போவுது டீச்சர்?"

முடியாது என்றேன். அவர் ஹாதியாவின் வாப்பா பீர் முகைதீனுக்குச் சொல்லி அனுப்பினார். தாளாளரின் பட்டாசுக் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பவர் அவர். மகளை வாசிக்கச் சொல்லிவிட்டார்.

விழாவில் தருண்குமார் கோட்டுப் போட்டுக்கொண்டு மீனைப் போல வாயைத் திறந்து மூடினான். உதடு குவியவேண்டிய இடத்தில் பல்லைக் காட்டினான். உரை முடிந்து அவன் கும்பிட்ட பிறகும் ஒலிபெருக்கியில் அதே சுத்தமான பிரெஞ்சு தொடர்ந்தது: வாசித்தது நான், என் பெயர் ஹாதியா, பீர் முகைதீன் மகள்.

கூட்டம் அதற்கும் கைதட்டியது. பிரெஞ்சு வேகத்தில் பெயர்கள்கூட யார் காதிலும் தனியாக விழவில்லை. அங்கே அது புரிந்தது எனக்கும் அந்தப் பேராசிரியருக்கும்தான். அவர் திரையைப் பார்த்தார். பக்கத்தில் பட்டுச் சட்டையில் இருந்த தாளாளரைப் பார்த்தார். பிறகு சிரித்தபடி எழுந்து கேடயத்தைத் தருண்குமார் கையில் கொடுத்தார்.

ஹாதியா இறங்கி நேரே என்னிடம் வந்தாள். "அவுகளுக்கு வெளங்குச்சா டீச்சர்?"

"நல்லா வெளங்குச்சும்மா."

"அப்ப தெரிஞ்சேதான் குடுத்தாகளா?"