அசட்டுத் தித்திப்பு

அகராதி அலுவலகத்தில் அந்த வாரம் அவள் பங்குக்கு வந்த சொல் ‘ஸ்வீட்டிஷ்’. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதுவதுதான் அவளுடைய வேலை. சுளுவான சொல்தானே என்று ‘சற்றே இனிப்பான’ என எழுதி அனுப்பினாள். பதிப்பாசிரியர் திருப்பிவிட்டார்.

“அந்த ‘இஷ்’ எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்கம்மா. அப்புறம் எழுதுங்க.”

பார்த்தாள். ‘ஸ்வீட்’ மிகப் பழைய சொல்; சமஸ்கிருதத்தின் ‘ஸ்வாது’வுக்குத் தூரத்து உறவு. ‘இஷ்’ என்ற வால் ஆதியில் இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று காட்டத்தான் இருந்திருக்கிறது. ‘இங்கிலீஷ்’ என்பதில் ஒட்டியிருப்பதும் அதுதான். பிறகு நிறங்களோடு சேர்ந்து ‘சிவப்பு மாதிரி, பச்சை மாதிரி’ என்றாயிற்று. கடைசியில் எதோடும் ஒட்டிக்கொண்டு, ‘அது மாதிரி, ஆனால் முழுசாக அது இல்லை’ என்று நின்றுவிட்டது. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் பலவற்றில் ஸ்வீட்டிஷ் என்பது சுவையே இல்லை, வாசனை. அதுவும் முகம் சுளிக்க வைக்கிற வாசனை.

சாயங்காலம் வீட்டில் தம்பியிடம் கேட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அக்காவும் தம்பியுமாக ஒரே வீட்டில் இருந்தார்கள்.

“இனிக்கும், ஆனா முழுசா இனிக்காது. அதுக்கு என்னடா சொல்லுவே?”

“அசட்டுத் தித்திப்பு” என்றான் யோசிக்காமல். “அகராதி புடிச்சவளேன்னு அம்மா உன்னைத் திட்டிட்டே இருப்பாங்களே, இப்ப பாரு, சம்பளமே அதுலதான் வருது!”

சிரித்துவிட்டு மறுபடி தண்ணீர் பாட்டிலை எடுத்தான். சில நாட்களாகவே அப்படித்தான். எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. சட்டை தொளதொளத்தது. கேட்டால், “வேலை அப்படிக்கா, பிழிஞ்சு எடுக்கறாங்க” என்பான். அவள் எழுதுவதைப் பார்க்க அவள் தோள் மேல் குனிந்தான்.

“பழம் எதாவது தின்னியாடா?”

“இல்லையே.”

“ஒரு மாதிரி வாசனை வருது. பல்லை ஒழுங்கா தேய்டா, பக்கத்துல நிக்க முடியல.”

அவன் வேண்டுமென்றே அவள் முகத்தில் ஊதிவிட்டு ஓடினான். அவள் சிரித்துக்கொண்டே ‘அசட்டுத் தித்திப்பான’ என்று எழுதினாள்.

மறுநாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை. ஓடிவந்தவனைப் போல நெஞ்சு ஏறி இறங்கியது. வாந்தி எடுத்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து எங்கேயோ பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரரும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள்.

டாக்டரம்மா அவன் முகத்தருகே குனிந்ததுமே நர்ஸைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை பின்னால்தான் வந்தது.

“இவருக்கு சர்க்கரை இருக்குன்னு தெரியுமா?”

“இவனுக்கா? சின்னப் பையன் டாக்டர்!”

“வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. உடம்பு சர்க்கரையை எடுத்துக்க முடியாம கொழுப்பை எரிக்குது. அதான் மூச்சுல லேசா தித்திப்பு வாசனை. நீங்க கவனிக்கலையா?”

அவர் குற்றமாகக் கேட்கவில்லை. குறிப்பெழுதத்தான் கேட்டார். “பல்லைத் தேய்க்கச் சொன்னேன் டாக்டர்” என்றாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் அவன் போய்விட்டான்.

அம்மாவோடு ஊரிலிருந்து வந்த அப்பா, “தூங்கறப்ப போயிட்டானாம்மா?” என்று மட்டும் கேட்டார். “ஆமாப்பா” என்றாள். அதற்குமேல் அவருக்கு எதையும் தெரிந்துகொள்ளத் தெம்பில்லை.

அம்மாவும் அப்பாவும் கிளம்பிய பிறகு, அவனோடு வேலை பார்த்த ஒருவர் கருவிப் பையை வாங்கிப் போக வந்தார். அவள் எடுத்துக் கொடுத்தாள். கைப்பிடியில் அவன் உள்ளங்கை எண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது.

“கடைசியா பார்த்துட்டிருந்த லிஃப்ட்டைப் பாதியில பிரிச்சுப் போட்டிருக்கான்மா” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். “எதை எங்க மாட்டணும்னு அவனுக்குத்தான் தெரியும். ஜனங்க படியேறித்தான் போறாங்க.”

அவர் போன பிறகும் கதவைச் சாத்தத் தோன்றாமல் வாசலிலேயே நின்றிருந்தாள்.