நெட்டின் மேல் போட்ட பழி

விடுதியில் படித்த நான்கு வருஷத்தில் யோகேஸ்வரி வீடியோ கேமில் ஒரு தடவைகூட அனுக்ரஹாவை ஜெயித்ததில்லை. சென்னையிலிருந்து வந்த சீனியர் ஒருத்தி துணிகளுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்த கேம் கன்சோல் அது. வார்டன் அக்கா தூங்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அதை விடுதி டிவியில் மாட்டுவார்கள். இருந்தது ஒரே ஒரு சண்டை கேம். யோகேஸ்வரி எப்போதும் பயில்வானைத்தான் எடுப்பாள். அனுக்ரஹாவுக்கு ஒல்லிக்குச்சியாக ஒரு கம்புக்காரி. பயில்வான் கையை ஓங்கி முடிப்பதற்குள் கம்புக்காரி அவனைத் தாண்டிக் குதித்து முதுகில் நாலு போட்டிருப்பாள்.

படிப்பு முடிந்தது. அனுக்ரஹா பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். யோகேஸ்வரிக்கு ராஜபாளையத்தில் கல்யாணம். கணவன் லிங்கேஸ்வரன் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். அவளும் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் உட்கார்ந்தாள். சிநேகிதிகள் இருவருக்கும் இடையில் பொங்கல் வாழ்த்தும் பிறந்தநாள் வாழ்த்தும் மட்டும் போய்வந்துகொண்டிருந்தன. அனுக்ரஹா வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கே திரும்பி வந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகும், அரை மணி நேர பஸ் பயணத்தை இருவரும் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

தீபாவளி கழிந்து ஒரு சாயங்காலம் அனுக்ரஹாவே கூப்பிட்டாள்.

"ஏட்டி, உன்கிட்ட லேப்டாப் இருக்கா?"

'ஏட்டி' என்று கூப்பிட அவள் கற்றுக்கொண்டதே யோகேஸ்வரியிடம்தான். அதைக் கேட்டதும் யோகேஸ்வரிக்கு சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு பழசு கெடக்கு. எதுக்கு?"

"நம்ம சண்டை கேம் இருக்கே, அதோட புதுசு வந்திருக்கு. கன்சோல் எதுவும் வாங்க வேண்டாம். மாசச் சந்தா கட்டினா போதும், நெட்டுலயே ஓடும். ஒரு கன்ட்ரோலர் மட்டும் வாங்கி லேப்டாப்புல சொருகு."

எப்படி அது முடியும் என்று யோகேஸ்வரிக்கு விளங்கவில்லை. அனுக்ரஹா பொறுமையாகச் சொன்னாள். கேம் ஓடுகிற மெஷின் எங்கோ தூரத்து ஊரில் இருக்கும். படம் மட்டும் நெட் வழியாக இங்கே வரும். இங்கே பட்டனை அழுத்தினால் அந்தச் செய்தி அங்கே போய்ச் சேர்ந்து, அங்கே கை ஓங்கி, அந்தப் படம் திரும்ப இங்கே வரவேண்டும். நெட் நன்றாக இருந்தால் கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகாது. இல்லையென்றால் அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் அசைவான். அதற்குப் பேர் லேக்.

கன்ட்ரோலர் வாங்கிய நாளிலிருந்து வேலை விட்டு வந்ததும் உலையை வைத்துவிட்டு யோகேஸ்வரி லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். காதில் ஹெட்செட். அதில் அனுக்ரஹாவின் குரல். அடித்துக்கொண்டே அலுவலகக் கதை, மாமியார் கதை, விடுதிக் கதை எல்லாம் பேசுவார்கள். லிங்கேஸ்வரன் மில்லிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் அடிவாங்கியாச்சா?" என்பான். வாங்கியிருப்பாள். கம்புக்காரி பழைய கம்புக்காரியாகவே இருந்தாள்.

தை மாதம் பிறந்து கொஞ்ச நாளில் முதல் தடவையாக அவள் ஜெயித்தாள். திரையில் கம்புக்காரி மல்லாந்து கிடந்தாள். யோகேஸ்வரி நாற்காலியை விட்டு எழுந்து கத்திய கத்தலில் லிங்கேஸ்வரன் குளியலறையிலிருந்து தலையில் சோப்போடு ஓடிவந்தான்.

"என்னாச்சு புள்ள?"

"அவள அடிச்சுட்டேன்! அனுவ அடிச்சுட்டேன்!"

அந்தப் படத்தை எடுத்து விடுதி சிநேகிதிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'மகாராணி மண்ணைக் கவ்விய காட்சி' என்று மேலே எழுதினாள். எங்கெங்கோ இருந்த பழைய சிநேகிதிகள் எல்லாம் வந்து கேலி செய்துவிட்டுப் போனார்கள்.

"என் பக்கம் நெட் சரியில்லடி," என்றாள் அனுக்ரஹா.

"ஆமா. நீ ஜெயிச்சா திறமை. தோத்தா நெட்டு."

அடுத்த வாரமும் ஜெயித்தாள். அதற்கடுத்த வாரம் தினமும் ஜெயித்தாள். பங்குனி வந்தபோது ஜெயிப்பதில் ருசி போய்விட்டது. பயில்வான் வெகுநேரம் கையை ஓங்கிக்கொண்டு நின்றாலும் கம்புக்காரி நகராமல் நின்று வாங்கிக்கொண்டாள். அனுக்ரஹா ஆட்டத்தில் மனசு வைக்கவில்லை, வேறு ஏதோ பார்த்துக்கொண்டு ஒப்புக்கு விளையாடுகிறாள் என்று யோகேஸ்வரிக்குத் தோன்றியது.

"வெளையாட இஷ்டமில்லைன்னா சொல்லிரு அனு. சும்மா நிக்கிற ஆள அடிக்க எனக்கென்ன வேண்டுதலா?"

"நெட்டுதான்டி."

"எம்புட்டு நாளைக்குத்தான் நெட்டச் சொல்லுவ? மாத்தித் தொலைய வேண்டியதுதானே!"

மறுபக்கம் ஹெட்செட்டைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அனுக்ரஹா ஆட வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

கோபமாக இருக்கிறாள் என்றே யோகேஸ்வரி நினைத்தாள். அவளுக்கும் பேசியது உறுத்தியது. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் கடைவீதிக்குப் போய், அனுக்ரஹாவின் மாடி அறை வரைக்கும் எட்டுகிற நீளத்துக்கு ஒரு நெட் கேபிள் வாங்கினாள். வைஃபையை நம்பாமல் நேராகக் கேபிளைச் சொருகினால் லேக் இருக்காது என்று அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் கௌதம்ராஜ் சொல்லியிருந்தான். கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தது அனுக்ரஹாவின் அம்மா வஞ்சுளவல்லி. யோகேஸ்வரியைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"வாம்மா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பிடிவாதமா இருந்தா. உன்கிட்டயாவது சொன்னாளே. மதுரை டாக்டர் சொன்னதெல்லாம் சொல்லியிருப்பா இல்லையா?"

தலையை ஆட்டினாளா இல்லையா என்பதுகூட யோகேஸ்வரிக்கு நினைவில்லை. மாடிப்படி ஏறினாள்.

அனுக்ரஹா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது, யாரோ அங்கே வைத்துவிட்டு மறந்துபோன பொருள் மாதிரி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. அவள் யோகேஸ்வரியைப் பார்த்தாள். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கேபிளைப் பார்த்தாள்.

"நெட் நல்லாத்தான்டி இருக்கு," என்றாள்.

யோகேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற நோய். முதலில் கை, பிறகு கால், பிறகு நாக்கு, கடைசியில் மூச்சு. மருந்து என்று ஒன்று கொடுக்கிறார்கள், அது நிறுத்தாது. பெங்களூரில் இருக்கும்போதே பேனா நழுவ ஆரம்பித்திருந்தது. சட்டைப் பொத்தான் போட நேரமானது. ஊருக்குத் திரும்பி வந்ததே அதனால்தான்.

"அப்ப என்னைய வெளையாடக் கூப்பிட்டது?"

"வெரல் இருக்கும்போதே ஆடிரணும்னு தோணிச்சு. உன்கூட."

"நான் என்னவெல்லாம் பேசினேன்... குரூப்ல வேற போட்டு..." யோகேஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏட்டி, அழாத. இந்த வீட்டுல எல்லாரும் என்னை எப்படிப் பாக்குறான்னு பாத்தேல்ல? கீழ அம்மா, அப்பா, வர்ற போற சொந்தக்காரா எல்லாம். நீ ஒருத்திதான் என்னைத் திட்டினே. ஜெயிச்சுட்டு எம்புட்டு ஆட்டம் போட்டே! அந்த நேரம் நான் நோயாளி இல்ல, தோத்துப்போன கழுதை. அது எனக்கு எம்புட்டு நல்லா இருந்துச்சு தெரியுமா?"

"பொறவு ஏன் வராம இருந்த?"

"உன்கிட்ட பொய் சொல்லச் சொல்லக் கஷ்டமா இருந்துச்சு."

கிளம்பும்போது அனுக்ரஹா ஒரு சத்தியம் வாங்கினாள். விட்டுக்கொடுத்து ஆடக் கூடாது. பாவம் பார்த்து ஒரு அடி குறைத்தாலும் அன்றைக்கே சந்தாவை நிறுத்திவிடுவேன் என்றாள்.

அதற்குப் பிறகுதான் யோகேஸ்வரிக்கு ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. தினமும் சாயங்காலம் அவள் கம்புக்காரியை அடித்தாள். ஹெட்செட்டில் "அடிச்சுட்டியா பாவி!" என்று அனுக்ரஹா சிரிப்பாள். இவளும் சிரிப்பாள். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுவாள். லிங்கேஸ்வரன் பக்கத்தில் வந்து நிற்பான். ஒன்றும் கேட்காமல் கழுவிய தட்டுகளை வாங்கி வாங்கித் துடைத்து வைப்பான்.

ஒரு நாள் மட்டும் மனசு கேட்கவில்லை. பயில்வான் அடிக்க வேண்டிய இடத்தில் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். கம்புக்காரி எப்படியோ தடுமாறி வந்து அவனை வீழ்த்தினாள். சந்தோஷச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

"நீ விட்டுட்டே," என்றாள் அனுக்ரஹா.

"இல்ல அனு, என் பக்கம் நெட்டு..."

"அந்தப் பொய் என்னோடது. நீ எடுக்காத."

அன்றோடு போயிற்று என்று யோகேஸ்வரி பயந்தாள். ஆனால் மறுநாள் அதே நேரத்துக்கு அனுக்ரஹா வந்தாள்.

புரட்டாசிக்குள் அனுக்ரஹாவின் இரண்டு கையும் செயலற்றுப்போயின, நடக்கவும் முடியவில்லை. அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் யோகேஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். சக்கர நாற்காலிக்கு முன்னால் லேப்டாப்பை வைப்பாள். கன்ட்ரோலர் அவள் கையில், கம்புக்காரி இப்போது இருவருக்கும் பொது. நெட்டில் எதிரில் வருவது முகம் தெரியாத யாரோ. அனுக்ரஹா வாயால் ஆடுவாள்.

"பொறு... வரட்டும்... இப்பத் தாண்டு! முதுகுல போடு! இன்னொண்ணு!"

யோகேஸ்வரியின் விரல்களில் அதுவரை இல்லாத வேகம் வந்தது. பயில்வானின் கண்ணால் மட்டும் பார்த்திருந்த ஆட்டத்தை அவள் முதல் தடவையாக இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள். எதிராளி எதை நினைக்கிறான் என்று அனுக்ரஹாவுக்கு முன்கூட்டியே தெரிந்தது. அடுத்தடுத்து ஆட்களை வீழ்த்தினார்கள். கீழேயிருந்து வஞ்சுளவல்லி, "யாரைடி ரெண்டு பேரும் இந்த அடி அடிக்கறேள்?" என்று கேட்பாள். அனுக்ரஹா கன்னம் நனையச் சிரிப்பாள். துடைத்துவிடுவது யோகேஸ்வரியின் வேலை.

மார்கழிக்குப் பிறகு பேச்சு குழற ஆரம்பித்தது. 'தாண்டு' என்பது 'ஆங்உ' என்று வந்தது. முதலில் யோகேஸ்வரிக்குப் புரிந்தது. போகப்போக, சொன்னது என்ன என்று மனசு கண்டுபிடிப்பதற்குள் கம்புக்காரி அடிவாங்கியிருப்பாள். "என்னது அனு? இன்னொரு தடவ சொல்லு," என்று கேட்பதற்கே அவள் கூசினாள். சித்திரையில் ஒரு சனிக்கிழமை அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்றார்கள். நாலாவதுக்கு நடுவில் அனுக்ரஹா தலையை அசைத்து நிறுத்தச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகக் கோர்த்துச் சொன்னாள்.

"நீயே... ஆடு. நான்... பாக்குறேன்."

யோகேஸ்வரி ஆடினாள். பக்கத்தில் அனுக்ரஹா கண் கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த ஒவ்வொரு தடவையும் யோகேஸ்வரி திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பாள். கண்ணில் சந்தோஷம் இருந்தது. அது நிஜமான சந்தோஷம்தான் என்று இவள் நம்ப விரும்பினாள்.

ஆடியில், ஆண்டாள் தேர் அன்று காலை, லிங்கேஸ்வரனின் போனுக்குத் தகவல் வந்தது. தூக்கத்திலேயே மூச்சு நின்றிருந்தது.

பஸ் முழுக்கத் தேர் பார்க்கப் போகிற கூட்டம். நெரிசல் என்று போலீஸ்காரர்கள் மடவார் வளாகம் திருப்பத்திலேயே எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். யோகேஸ்வரி நடந்தாள். ரோடு முழுக்க ஜனம். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்ட அப்பாக்கள், மோர்ப் பந்தல்கள், பலூன்காரர்கள். பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து நடந்துவந்த ஒரு பெண், "தனியாவா வாரீக? வாங்க, சேர்ந்தே போவோம். வடம் தொட்டிரலாம்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யோகேஸ்வரி பாதித் தூரம் வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். தெரு திரும்பும் இடத்தில் விடுவித்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டு வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடத்தைக் கழுவித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தெருவில் தேர் வருகிற நாள். பக்கத்தில் சாவு கிடக்கும்போது தேர் நகரக் கூடாது, அதற்கு முன்னால் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக உடலை எடுத்துவிட்டிருந்தார்கள்.

வஞ்சுளவல்லி ஈரத் தரையில் சுவரோரம் சாய்ந்திருந்தாள். யோகேஸ்வரியைப் பார்த்து எழப் போனாள், முடியவில்லை.

"இப்பத்தாம்மா. செத்த முன்னதான் கிளம்பினா."

யோகேஸ்வரி வாசலிலேயே நின்றாள். திரும்பி ஓடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தேர்வீதியிலிருந்து பெரிய ஆரவாரம் எழுந்தது. வடத்தை இழுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"உக்காரும்மா," என்றாள் வஞ்சுளவல்லி. "சுடுகாட்டுலேர்ந்து அவர் வர நேரமாகும். வீட்டு மனுஷா யாருமில்ல."

யோகேஸ்வரி புடவையைத் தூக்கிப் பிடிக்காமல் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள். அம்மாவின் தலை மெல்லச் சரிந்து அவள் தோளில் சாய்ந்தது. வெளியே சத்தம் ஓய வெகுநேரம் ஆயிற்று.