காட்டேரி தாசனுக்கு அடித்த துக்கமணி

நடிப்பு என்று அவன் செய்ததெல்லாம் சவப்பெட்டிக்குள் படுத்துக் கிடந்து திடீரென்று எழும்புவதுதான். இருபது வருஷம் அந்தக் கர்மத்தைச் செய்தே பிழைத்தான் இசபெல்லின் அண்ணன் ஞானதாசன். படம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு காலேஜ் பையன்கள் பொழுதுபோகாமல் அவற்றை யூடியூபில் தோண்டியெடுத்துச் சிரித்தார்கள். 'காட்டேரி தாசன்' என்று பனியனில் படம் போட்டார்கள். கேலி என்பதுகூடப் புரியாமல் அந்த வெட்கங்கெட்டவன் பனியனில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

இப்போது கருங்கல் ஊர்க்காரன் அனிஷ், மாமனாரின் கல்ஃப் பணத்தில் டைரக்டர் ஆனவன், இந்த ஊரிலேயே பேய்ப்படம் எடுக்கிறான். காமெடியாம். காட்டேரி தாசன் காட்டேரி தாசனாகவே வந்து, சொந்த ஊரில் செத்து, பேயாகி எல்லாரையும் சிரிக்க வைப்பாராம். வெள்ளைப் பவுடர் வாங்கக்கூடத் துப்பில்லாமல் அவன் முகத்தில் மரச்சீனிக்கிழங்கு மாவை அப்பியிருந்தார்கள்.

இசபெல் எட்டிப் பார்க்கவில்லை. அம்மை செத்த அன்று இவள் போன் செய்தபோது அண்ணன், பெட்டிக்குள் படுக்கிற காட்சி பாதியில் நிற்கிறது, வெளிச்சம் போய்விடும் என்றான். அடக்கத்துக்கு வரவேயில்லை. மூத்த மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணை இவள் போட்டாள். அவன் செத்தால் நான் சாளை மீன் ஆய்கிற இடத்தைவிட்டு எழும்பமாட்டேன் என்று கல்லறைத் தோட்டத்திலேயே ஊர் கேட்கச் சொன்னாள்.

படப்பிடிப்பு நடந்த அன்று சாயங்காலம் அவள் சாளைதான் ஆய்ந்துகொண்டிருந்தாள். கோயிலில் துக்கமணி அடித்தது. ஊரில் ஆள் செத்தால் மட்டும் நிறுத்தி நிறுத்தி அடிக்கிற மணி அது, அதை விளையாட்டுக்கு அடிப்பார்கள் என்று யார் நினைப்பார்கள்? பக்கத்து வீட்டு லீமா தலையில் முக்காட்டை இழுத்தபடி ஓடினாள். உன் அண்ணன்தானாம், பெட்டியில் கிடத்தியிருக்கிறார்களாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இசபெல் இன்னொரு சாளையை எடுத்தாள். கத்தி ஓடவில்லை. எழும்பினாள், செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

கோயில் முற்றத்தில் பெட்டிமேல் விழுந்து, செதிள் ஒட்டிய கையால் மாரில் அடித்து அழுதாள். அழுது நிமிர்ந்த பிறகுதான் கேமரா தெரிந்தது. பங்குச்சாமி ஊரில் இல்லாத நேரம் பார்த்து, படத்தில் முகம் காட்டலாம் என்ற ஆசையில் மணியை இழுத்த கோயில்பிள்ளை ததேயுஸ் தன் வீட்டுப் பவுடரைப் பூசிக்கொண்டு நின்றான். தூ, இவனெல்லாம் ஒரு மனுஷன். மணிக்கு ஓடிவந்த ஊரே வாய் பிளந்து நின்றது.

பெட்டிக்குள்ளிருந்து ஞானதாசன் எழும்பினான். கண்ணீர் மாவை நனைத்து வடிந்தது. இது நடிப்பில்லை, அவனுக்கு அவ்வளவு நன்றாக நடிக்க வராது.

"ஏட்டி இசபெல், வந்தியா?"

அவள் கையைப் பிடித்தான். இன்றைக்கு உன் வீட்டில்தான் சோறு என்றான். அவளுக்கு உள்ளே என்னவோ இளகியது. கையை உருவிக்கொள்ளவில்லை.

அனிஷ் கிட்டே வந்து அழுகை பிரமாதம் என்றான். இன்னொரு தடவை எடுத்துவிடலாம் என்று ஞானதாசன் பக்கம் திரும்பினான். "சார், வெளிச்சம் போவுது."

ஞானதாசன் அவளைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். கையை விட்டான்.

"ஒரு நிமிசம் மக்கா, இந்தா வந்துட்டேன்" என்று படுத்துக்கொண்டான்.

இசபெல் பெட்டிக்குள் குனிந்தாள். "இனி மெய்யாவே மணி அடிச்சாலும் வரமாட்டேன். எனக்க அழுகைய இண்ணைக்கே அழுதாச்சு."

சாளையை ஆய வீட்டுக்கு நடந்தாள்.