மஞ்சள் கட்டத்தில் என் கொழுந்தன்

பிறந்ததிலிருந்து ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத என் கொழுந்தனுக்கு நகராட்சி தொழில் உரிமம் கொடுத்திருக்கிறது. தொழில்: பை, குடை, ஜிப் பழுதுபார்த்தல். அனுபவம்: பதினாறு வருடம். அந்தப் பதினாறு வருடமும் என்னுடையது. அட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் படம் மட்டும்தான் அவனுடையது.

நான் நடைபாதையில் உட்காரும் இடத்துக்கு ஐந்தடி தள்ளி நகராட்சியின் பொதுக் கழிப்பறை இருக்கிறது. இரண்டு படி, ஒரு நீலக் கதவு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. மூன்று வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. அவசரம் என்றால் பஸ் நிலையம் வரை நடக்க வேண்டும், போக வர இருபது நிமிடம். அன்றைக்கு மதியம் கொழுந்தன் வழக்கம்போல வெட்டிக் கதை பேச வந்திருந்தான். "கொஞ்சம் உக்காந்திரு, யாராவது வந்தா இருக்கச் சொல்லு" என்று அவனை என் முக்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

பதினாறு வருடமாக எங்கள் பெயரைக்கூடக் கேட்காத நகராட்சி அந்த இருபது நிமிடத்தில் வந்து கணக்கெடுத்துவிட்டுப் போய்விட்டது. எந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்களோ அவர்களைப் படம் பிடித்து, பெயரை எழுதிக்கொண்டார்களாம். இவன் தன் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

"என் பேரைச் சொல்றதுக்கு என்னடா?"

"உங்க பேரு என்னன்னு அவங்க கேக்கலையே, அண்ணி."

லாரி ஓட்டும் என் வீட்டுக்காரரிடம் போனில் சொல்லி அழுதேன். "தம்பி பேர்ல இருந்தா என்ன, வீட்டுக்குள்ளதானே இருக்கு" என்றார். அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே மூளையைத்தான் என் மாமியார் பெற்றிருக்க வேண்டும்.

நகராட்சி அலுவலகத்தின் உரிமப் பிரிவில் இரண்டு மணி நேரம் நின்றேன். உட்கார அங்கே பெஞ்சு இருக்கிறது, அதன்மேல் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. பொழுது போகாமல் சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் படித்தேன். 'நல்ல பயன்பாட்டில் உள்ள பொதுக் கழிப்பறைகள்' என்று ஒரு பட்டியல். ஒன்பதாவதாக எங்கள் தெரு. எதிரே எங்கள் தெருவுக்கான நகராட்சி இன்ஸ்பெக்டரின் கையெழுத்து, மாதம் தவறாமல் இருந்தது. அந்த ஆள் தினமும் அந்தப் பூட்டைத் தாண்டித்தான் எங்களை மிரட்ட வருகிறார்.

ஒருவழியாக அதிகாரி நிமிர்ந்தார்.

"படத்துல இருக்கறது நீங்களா?"

"எனக்கு மீசை இல்லையே, சார்."

"அப்ப உரிமம் உங்களுக்கு இல்ல."

அவருடைய சாப்பாட்டுப் பையின் ஜிப் வாய் பிளந்து கிடந்தது. ஊக்கு போட்டு வைத்திருந்தார். எடுத்து, ஜிப்பை ஓட்டும் ரன்னரைக் கழற்றி, என் கைப்பையில் இருந்த குறட்டால் ஒரு அழுத்து அழுத்திப் பூட்டிக் கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மனிதர் நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் பையை மேசைக்கடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"வேலை தெரிஞ்சிருக்கறது வேற, உரிமம் வேறம்மா. வேணும்னா அவர் எழுதிக் குடுக்கட்டும், இடத்தை விட்டுடறேன்னு."

"குடுத்தா எனக்கு வந்துடுமா?"

"காத்திருப்புப் பட்டியல்ல அடுத்த ஆளுக்குப் போகும். இப்ப எழுதிப் போட்டா நீங்க நானூத்திப் பதினொண்ணு."

இதைச் சொல்ல அரசாங்கம் அவருக்கு ஒரு நாற்காலியும் தலைக்கு மேல் ஒரு மின்விசிறியும் கொடுத்திருக்கிறது.

அடுத்த வாரம் நடைபாதையில் மஞ்சள் பெயின்டால் கட்டம் போட்டார்கள். மூன்றடிக்கு மூன்றடி. ஒரு கட்டத்துக்கு ஓர் ஆள், அட்டையில் இருக்கும் ஆள். சோதனை வரும்போது மூன்று தடவை ஆள் இல்லையென்றால் உரிமம் ரத்து. கொழுந்தன் முதல் வாரமே இரண்டு நாள் தூங்கிவிட்டு லேட்டாக வந்து, இரண்டு தடவையை முடித்துவிட்டான். இன்னும் ஒன்று போனால் என் பதினாறு வருடமும் யாரோ முகம் தெரியாதவருக்கு.

வந்த நாட்களில் மட்டும் ஐயா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "என் கடை" என்று போனில் யாரிடமோ பீற்றிக்கொண்டார். ஓர் அம்மா கொண்டுவந்த பெட்டியின் ஜிப்பை இழுத்தார், பாதி ஜிப் கையோடு வந்துவிட்டது. நான் கட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

"கட்டத்துக்கு வெளிய வேலை பார்த்தா சாமானைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. காலையில் என் குறடு, ஊசி, மெழுகு நூல் எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் கழிப்பறைப் படியில் உட்கார்ந்தேன். கட்டத்தைத் தேடி வந்தவர்களைக் கொழுந்தன் கையைக் காட்டி என்னிடம் அனுப்பினான். அவனுக்கு அந்த வேலை நன்றாகவே வந்தது.

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார்.

"என்ன, இங்க கடை போட்டாச்சா?"

"கடை இல்ல சார். கழிப்பறைக்கு வரிசையில உக்காந்திருக்கேன். கை சும்மா இருக்க வேணாமேன்னு ஒரு ஜிப்பை மாத்திக்கிட்டு இருக்கேன்."

"இதுதான் பூட்டிக் கிடக்குதே!"

"அப்படியா? அதையே எழுதிக் குடுங்க. தெறந்திருக்குன்னு நீங்க மாசாமாசம் கையெழுத்துப் போட்டது உங்க ஆபீஸ் சுவத்துல இருக்கு. இதையும் பக்கத்துல ஒட்டிட்டு வந்துடறேன்."

இன்ஸ்பெக்டர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவைச் சட்டைப்பைக்குள் போட்டார். தெருமுனை வரை போய், அங்கே மரத்தடியில் நின்றுகொண்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. நீலக் கதவின் நிழல் எனக்கு இருந்தது. கட்டத்துக்கு நிழல் கிடையாது. கொழுந்தன் முதலில் கால் மேல் போட்ட காலை எடுத்தான். பிறகு இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு நெளிந்தான்.

"அண்ணி, அவசரமா வருது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"முனையில யாரு நிக்கறான்னு பாரு."

பார்த்தான். திருதிருவென்று விழித்தான்.

"இப்ப நான் என்ன பண்றது, அண்ணி?"

நான் ஊசியில் நூல் கோத்தேன்.

"நீதான் ஓனராச்சே. அங்கேயே உக்காந்து வரிசையில சேர்ந்துக்கோ. எனக்குப் பின்னால."