எல்லோருமாக நின்ற எடை

கோச் லைல் ட்ரம்மெலை ஊருக்கு அறிமுகப்படுத்தும் வேலை பெர்னிட்டாவின் தலையில்தான் விழுந்தது. விழாமல் என்ன செய்யும், அவரைத் தேடிப் பிடித்து வரவழைத்தவளே அவள்தானே. தானியக் கிடங்கின் லாரி எடைமேடையில், ஜனவரிக் குளிரில் மூக்கு சிவக்க, ஊரே ஏறி நின்றிருந்தது. எடைக்குறைப்புப் போட்டி என்றால் அவர்களுக்கு இப்படித்தான். தனியாக நின்று தன் எடையை ஊர் வாய்க்கு அவலாகப் போட யாருக்கும் மனசில்லை. கோதுமை லாரி நிற்கிற இடத்தில் எல்லோருமாக நிற்பார்கள், மொத்தமாக ஓர் எண் வரும். வசந்தத்தில் மறுபடி நின்று பார்ப்பார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் அவள் கணவன் ஆரின், மூச்சு வாங்க நின்றான். எடை இறங்காமல் நெஞ்சில் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அந்தப் பயத்தில்தான் கோச்சுக்குப் போன் போட்டாள்.

"எவ்வளவு குறைக்கணும்?" என்று கேட்டிருந்தார்.

"எவ்வளவு முடியுமோ அவ்வளவும் குறைச்சுக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கோச் இதோ பக்கத்தில் நிற்கிறார். ஒல்லியான, சாந்தமான மனிதர். பேசும்போது எல்லோர் வாயிலும் ஆவி பறந்தது. அவர் வாயில் மட்டும் இல்லை.

"இருபது வருஷ அனுபவம்," என்று மைக்கில் தொடங்கினாள் பெர்னிட்டா. "போன வருஷம் கெட்லி ஊர்ல இவர் குறைச்ச அளவுக்கு இந்தப் பக்கமே யாரும் குறைச்சதில்ல."

"என் பெண்டாட்டி வாயையும் கொஞ்சம் குறைச்சு விடுங்க கோச்!" என்று ஆரின் கத்த, எடைமேடை அதிரச் சிரித்தார்கள்.

காட்டுங்கள் என்று கோச் இரண்டு படங்களை நீட்டினார். கெட்லி ஊர், முன்னும் பின்னும். தூக்கிக் காட்டப் போனவள் கண் இரண்டாவதில் நின்றது. அதில் யாருமே இளைக்கவில்லை. அதே தொப்பை, அதே இரட்டைத் தாடை. வரிசையில்தான் அங்கங்கே ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. ஒரு கிழவர், யார் தோளிலோ போட்டதுபோலக் கையை வெறும் காற்றில் வளைத்து வைத்துக்கொண்டு சிரித்தார்.

படங்களைத் தூக்காமல் கோட்டுக்குள் செருகினாள். நிமிர்ந்தபோது கோச் பக்கத்தில் இல்லை. ஆரினின் தோளில் கைவைத்து நின்றார்.

"இவர்கிட்டருந்து ஆரம்பிப்போம். உங்க ஆசையும் அதுதானே?"

கிடங்குச் சுவரில் மொத்த எடையைக் காட்டிய சிவப்பு எண் இறங்கியது. யாரும் மேடையை விட்டு அசையவில்லை. "அடேயப்பா, இன்னும் ஓடவே ஆரம்பிக்கலையே!" என்று கைதட்டினார்கள். பெர்னிட்டா மைக்கைப் போட்டுவிட்டு ஓடி, ஆரினின் கையைப் பிடித்துக்கொண்டாள். கையுறைக்குள் சூடு இருந்தது.

"என்னடி இப்படி ஓடி வர்ற? நல்லாத்தான இருக்கேன்," என்றான் ஆரின். "உடம்பு பஞ்சாட்டம் இருக்கு."

படம் எடுக்க கோரலி எதிரே வந்து நின்றாள். பள்ளிக்கூட நாளிலிருந்து இவர்களுக்குச் சிநேகிதி. கல்யாணப் படம்கூட அவள் எடுத்ததுதான். கேமராவை இறக்கி முகத்தைச் சுளித்தாள்.

"பெர்னிட்டா, நெருங்கி நில்லு. இடது பக்கம் எதுக்கு இவ்வளவு இடம் விட்டிருக்க?"

இடது பக்கம் ஆரின் சிரித்துக்கொண்டு நின்றான். பெர்னிட்டா நகரவில்லை. கையுறையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.