எம்ரிஸின் சோற்றுக் கிண்ணம்

சிஹாரு அலமாரியையே கவிழ்த்துப் பார்த்துவிட்டாள். அப்பாவின் சோற்றுக் கிண்ணம் மட்டும் அகப்படவில்லை. வாசலில் சவப்பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டி நகரும்போது செத்தவரின் கிண்ணத்தை வாசலில் போட்டு உடைப்பது இந்த மலையூரின் வழக்கம். இனி இங்கே உனக்குச் சோறில்லை, திரும்பி வராமல் போ என்று அர்த்தம்.

“வீட்ல அவர் சோறே தொட மாட்டாரே அத்தை. அம்மா இருந்தப்பவும் ரொட்டிதான். தட்டு வேணா இருக்கு,” என்றாள் பக்கத்து வீட்டு கிகுயோவிடம்.

“தட்டை உடைச்சு என்ன பண்றது?” என்று முணுமுணுத்தபடி கிகுயோ விடுவிடுவென்று எங்கோ போனாள்.

சிஹாருவுக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. வேல்ஸிலிருந்து வந்து ஜப்பானின் இந்த இயா பள்ளத்தாக்கில் பாதி ஆயுளைக் கழித்த மனுஷர் அவள் அப்பா எம்ரிஸ். அப்படியும் கொடிப்பாலத்தில் டிக்கெட் கிழிப்பவர்கள் அவரிடம் சுற்றுலா வரைபடத்தை நீட்டுவார்கள். “எப்போ ஊருக்குப் போறீங்க?” என்று கேட்காத வாய் இங்கே இல்லை. “நாளைக்கு,” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று மகளுக்கே தெரியாது. செத்த பிறகும் அவரைப் போ என்று சொல்வதா? அவளுக்குப் பொறுக்கவில்லை.

கிகுயோ நீலக்கோடு போட்ட கிண்ணம் ஒன்றோடு திரும்பி வந்தாள்.

“ஊர்க்கூடத்துல இருந்துச்சு. உங்கப்பாவோடது. வாய்க்கால் தூர்வார்ற அன்னிக்கு எல்லாருக்கும் அங்கதானே சாப்பாடு. ஆளுக்கொரு கிண்ணம்.”

“அப்பா சோறு சாப்பிட்டாரா?”

“கேட்டுக் கேட்டு வாங்குவார். ஊறுகாயில உப்பு பத்தலைன்னு குறை வேற.”

சிஹாரு கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உட்புறம் மெருகு தேய்ந்திருந்தது.

“உடைக்கணுமா அத்தை? திரும்பி வந்தா வரட்டுமே. வேற எங்க போவார்?”

கிகுயோ அவள் தோளைத் தொட்டு வாசல் பக்கம் திருப்பினாள்.

“விருந்தாளிக்கு யாரும் கிண்ணம் உடைக்கறதில்லம்மா. அவங்க திரும்ப வரணும்னுதான் நினைப்போம். நம்ம ஆளுங்களுக்குத்தான் போக மனசு வராது.”

வண்டி ஹாரன் அடித்தது. சிஹாரு அழுதுகொண்டே கிண்ணத்தை வீசினாள். அது பாசியில் விழுந்து, உருண்டு, உடையாமல் நின்றது.

வழியனுப்ப வரிசையில் நின்ற கிழவர் ஒருவர், “இன்னும் நாளைக்குன்னுதான் சொல்றார் போல,” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“இன்னொரு தரம் போடும்மா,” என்றாள் கிகுயோ.

சிஹாரு குனிந்து எடுத்தாள். விளிம்பில் ஒட்டியிருந்த பாசியைக் கறுப்புச் சட்டையின் கையால் துடைத்தாள். பிறகு படிக்கல்லைப் பார்த்துப் போட்டாள்.