அய்யாவுவைத் தூக்கிய கைகள்

ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின வருஷமே அய்யாவுக்கு மறதி தொடங்கிவிட்டது. அதை நோயென்று ஒத்துக்கொள்ளத்தான் அவர் மனைவி குணவதிக்கு இரண்டு வருஷம் பிடித்தது. மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டிய மனுஷன், தனக்கு விட்ட மர வரிசையான நிரையை விட்டு அடுத்தவன் நிரையில் போய் மரத்தைக் கீறிக்கொண்டு நின்றார். "கண்ணு மங்கிப்போச்சுங்க" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் அவள் சமாளித்தாள். அப்புறம் அவருக்குச் சாப்பிட்டது மறந்தது, கைலி கட்ட மறந்தது. கடைசியில் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருப்பது எப்படி என்பதே மறந்துபோனது.

மகன் மனோகரன் வீட்டில் இருந்தவரை பாரம் தெரியவில்லை. காலையில் அப்பாவை ஒரு பக்கம் அவன் பிடிப்பான், மறுபக்கம் அவள் பிடிப்பாள். நாற்பத்து மூன்றில் சயாமுக்கு ரயில்பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது அவனையும் லாரியில் ஏற்றினார்கள். மூன்றே மாசத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னார்கள். ஆறு மாசம் ஆகியும் ஒரு சேதியும் இல்லை.

அய்யாவு நெட்டையான ஆள். மரவள்ளிக்கிழங்கையே தின்று சதை வற்றினாலும் எலும்பின் கனம் குறையவில்லை. குணவதி அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். விடிந்ததும் அவரை எழுப்பி உட்காரவைத்து, வலது கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுத் தம் பிடித்துத் தூக்குவாள். லயத்து வீட்டு வரிசையின் கோடியிலிருந்த குழாயடிவரை இழுத்துப்போய்க் கழுவுவாள். சோப்பு கிடையாது, அடுப்புச் சாம்பல்தான். அவர் நனைத்த சாக்கை அலசிக் காயப்போட்டு, வாயில் கஞ்சியை ஊற்றி, வெளியே கொக்கி மாட்டிவிட்டுக் கிழங்குக் காட்டுக்கு ஓடுவாள். வேலைக்குப் போகாதவர்களுக்கு அரிசிப் பங்கு கிடையாது. இடுப்பில் நெருப்புத் துண்டு வைத்தாற்போல் ஒரு வலி. காலையில் ஒருக்களித்துப் புரண்டு, தூணைப் பிடித்தால்தான் அவளே எழுந்திருக்க முடிந்தது.

பக்கத்து வீட்டு பிரிஜெட் எல்லாவற்றையும் பலகைச் சுவர் வழியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர். கூலிகளுக்கு மருந்து கட்ட அவரையும் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒருநாள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, மத்தியானம் நான் சும்மாதான் இருக்கேன். அண்ணனைப் பார்த்துக்கிறேன். நீங்க கொஞ்சம் முதுகைக் கீழ போடுங்க."

"ஒரு சூசாவும் இல்ல, கஷ்டமும் இல்லம்மா. என் புருஷனை நான் பார்த்துக்குவேன்."

அடுத்த மாசமும் கேட்டாள். அதே பதில். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தும் படகேறியும் போய்க் காவடி எடுத்த மனுஷன், மூத்திரச் சாக்கில் கிடந்து கெட்ட வார்த்தை பேசுவதை இன்னொருத்தி பார்ப்பதா? குணவதிக்கு அதுதான் பெரிசாகப் பட்டது.

மழைக்காலத்தில் ஒரு காலை. அய்யாவு எழுந்திருக்கவே மாட்டேன் என்றார்.

"எந்திரிங்க, பெரட்டுல நான் பேர் குடுக்க நேரமாச்சு."

"நீ யாரு? எங்க வீட்டுக்காரியைக் கூப்பிடு."

எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, இரண்டு கையாலும் அவருடைய வலது கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். தோளில் களுக்கென்று சத்தம் கேட்டது. "ஆத்தா!" என்று அலறினார். நடிப்பு என்று நினைத்தாள். அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்றிலிருந்து தொட்டாலே முனகினார். வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, அதை அசைக்காமலே இருந்தார். வலிக்கிறது என்று சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. "பிடிவாதம், கொழுப்பு" என்று திட்டிக்கொண்டே ஊட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் குழாயடியில் அவரைத் தூக்கக் குனிந்தபோது அவள் முதுகில் ஏதோ அறுந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தார்கள். இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவர் பாதி உடம்பு அவள்மேல் கிடந்தது. தூறல் விழுந்தது. குணவதி வாய்விட்டுக் கத்தினாள். "பிரிஜெட்டு! பிரிஜெட்டு!"

பிரிஜெட் எதிர்வீட்டு மருதம்மாளையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அய்யாவுவின் தோளில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, தோள் இறங்கியிருக்கு. இப்ப விழுந்ததுலயா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. குணவதி சேற்றில் கன்னம் பட்டுக் கிடந்தபடியே சொன்னாள்: "பன்னெண்டு நாளாச்சு. நான்தான் இழுத்தேன்."

பிரிஜெட் ஒன்றும் திட்டவில்லை. துணியால் தொட்டில் கட்டி அந்தக் கையைக் கழுத்தில் மாட்டினாள். "இத்தனை நாள் கழிச்சு உள்ள தள்ள எனக்குத் தெரியாதுக்கா. எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா ஒருவேளை..." என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் யாரும் குணவதியைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. காலையில் மருதம்மாள் வந்தாள், மத்தியானம் பிரிஜெட் வந்தாள். காட்டில் மற்ற பெண்கள் குணவதியின் பங்குக் கிழங்கையும் சேர்த்துத் தோண்டினார்கள். மண்டோர் பார்த்தும் பார்க்காததுபோல் அவளும் வேலைக்கு வந்ததாகப் பேர் போட்டார். சாக்கைப் பட்டையாகத் தைத்து அய்யாவுவின் இடுப்பில் கட்டிய பிரிஜெட், பாயில் படுத்திருந்த குணவதிக்குக் காட்டினாள்.

"கையைத் தொடவே கூடாது. முட்டிக்கு முட்டி முட்டுக் குடுக்கணும். பட்டையைப் பிடிச்சு, முன்னாடி சாய்ச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணு."

அய்யாவு எழுந்து நின்றார். முனகல்கூட இல்லை. குணவதி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இவ்வளவுதானா? இதற்கா அவர் தோளையும் தன் முதுகையும் ஒடித்தது?

ஒரு மாசத்தில் அவள் கோல் ஊன்றி நடந்தாள். ஆனால் அவள் கிட்டே வந்தாலே அய்யாவு வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்கினார். கலியாணம், மகன், தன் பேர் எல்லாம் மறந்துபோயிருந்தது. அந்த ஒரு இழுப்பை மட்டும் உடம்பு மறக்கவில்லை. பிரிஜெட் வந்தால் இடது கையை நீட்டுவார். குணவதி அவருக்கு இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து வைத்துக் காத்திருக்கப் பழகினாள். சில நாள் அவர் விரல் வந்து அதில் படும். பல நாள் வராது.

நாற்பத்தைந்து மாசியில் காய்ச்சல் வந்து அய்யாவு போய்ச் சேர்ந்தார். சண்டை ஓய்ந்தபின்னும் மனோகரன் வரவில்லை. டிரஸரும் வரவில்லை. குணவதியின் முதுகு வளைந்தது வளைந்ததுதான்.

பிறகொரு நாள் இரண்டு பெண்களும் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது குணவதி சொன்னாள்: "அன்னிக்கு நீ கேட்டப்பவே சரின்னு சொல்லியிருந்தா, அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டே போயிருப்பாரு."

பிரிஜெட் கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "நானும் ரெண்டே ரெண்டு தடவைதான் கேட்டேன்கா. தினம் சுவரு வழியா அண்ணன் முனகுறதும் நீங்க திட்டுறதும் கேட்டுச்சு. கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்திருக்கணும்."